முழங்கால் நிலை உணர்வை அளப்பது எப்படி: முறைகளும் கருவிகளும், பிழை நுழையும் இடங்களும்

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் முழங்கால் எவ்வளவு மடங்கியிருக்கிறது என்று நமக்குத் தெரியும். இந்த உணர்வை ஃபிசியோதெரபியில் ஜேபிஎஸ் (ஜாயிண்ட் பொசிஷன் சென்ஸ்) என்று சுருக்கமாகச் சொல்கிறோம். ஏசிஎல் (முழங்காலுக்குள் குறுக்காக ஓடும் தசைநார்) கிழிந்தவர்கள், மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் ஆகியோரிடம் இது மந்தமாகியிருக்கிறதா, பயிற்சியால் தேறுகிறதா என்று பார்க்கவே அளக்கிறோம்.

அளப்பதில் உள்ள சங்கடம் இதுதான்: காட்டிய கோணத்தைத் திருப்பிக் காட்டச் சொன்னால் நலமான முழங்காலே 2 முதல் 5 டிகிரி வரை தவறும். அடிபட்ட காலுக்கும் நல்ல காலுக்கும் இடையே ஆய்வுகள் சொல்லும் வித்தியாசமோ பல நேரம் 1 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. போட்டோவில் கோணம் படிப்பதற்காகக் கெண்டைக்கால் பக்கம் 30 செ.மீ. இடைவெளியில் ஒட்டிய இரண்டு ஸ்டிக்கர்களில் ஒன்று 5 மி.மீ. நகர்ந்தாலே கோணம் ஏறக்குறைய 1 டிகிரி மாறிவிடும். தேடும் பொருளும் கருவியின் பிழையும் ஒரே அளவில் இருக்கும் வேலை இது. அதனால் எந்த முறையை எடுத்தாலும், அந்த முறையில் நம் கைக்கு எவ்வளவு பிழை வருகிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நோயாளியைப் பற்றிப் பேச முடியும்.

பெங்களூரில் எம்பிடி (ஃபிசியோதெரபி முதுநிலைப் படிப்பு) ஆய்வுக்கு சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) எழுதும் மாணவர்களையும், கிளினிக்கில் ஒரு போனும் ஒரு கட்டிலும் மட்டும் வைத்துக்கொண்டு அளக்க நினைக்கும் தெரபிஸ்டுகளையும் மனதில் வைத்து இதை எழுதியிருக்கிறோம்.

முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது

"போட்டோ முறையா, டைனமோமீட்டர் முறையா?" என்ற கேள்வியில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. ஒன்று கருவி: கோணத்தை எதால் படிக்கிறோம்? போன், கேமரா, கோனியோமீட்டர் (கோணமானி), டைனமோமீட்டர் (காலைக் கட்டி நகர்த்தும் எந்திரம்) எல்லாம் இந்த வகை. இன்னொன்று செய்முறை: நோயாளியிடம் என்ன கேட்கிறோம்? காட்டிய கோணத்தைத் திருப்பிச் செய்யச் சொல்லலாம். கால் நகர ஆரம்பித்தது எப்போது தெரிகிறது என்று கேட்கலாம். நாலைந்து நிலைகளில் இது எத்தனாவது என்று அடையாளம் சொல்லச் சொல்லலாம்.

கருவியை மாற்றினால் அதே எண்தான் வரவேண்டும். வராவிட்டால் ஏதோ ஒரு கருவி தப்பு. செய்முறையை மாற்றினால் எண் மாறத்தான் செய்யும், ஏனென்றால் அளக்கும் திறமையே வேறு. திருப்பிச் செய்யும் சோதனையில் நன்றாகச் செய்தவர் அசைவைக் கண்டுபிடிக்கும் சோதனையில் சுமாராகச் செய்வது சாதாரணமாக நடப்பதே. இரண்டு மதிப்பெண்களுக்கும் உள்ள தொடர்பு பலவீனமானது. ஒரு கட்டுரையின் எண்ணை இன்னொரு கட்டுரையின் எண்ணோடு ஒப்பிடும் முன் இரண்டிலும் செய்முறை ஒன்றுதானா என்று பாருங்கள். உட்கார்ந்தா நின்றா, ஆக்டிவா (நோயாளியே நகர்த்துவது) பாஸிவா (பிறரோ எந்திரமோ நகர்த்துவது), வேகம் என்ன, அதே காலா மறு காலா என்ற நான்கும் பொருந்த வேண்டும்.

நிலை உணர்வுக்கு முக்கியமான ஊற்று தசைக்குள் இருந்து அது இழுபடுவதை உணரும் மஸில் ஸ்பிண்டில். அதிர்வு கொடுத்து தசையை ஏமாற்றினால் கால் நகர்ந்துவிட்டதாகத் தோன்றும் என்று குட்வின், மெக்ளாஸ்கி, மேத்யூஸ் மூவரும் 1972-ல் காட்டினார்கள். மூட்டுக்குள் இருக்கும் உணர்விகள் பெரும்பாலும் அசைவின் கடைசி எல்லையில்தான் வேலை செய்கின்றன. தோல் இழுபடுவதும் தகவல் தருகிறது. கீழே வரும் விதிகளில் பாதி, இந்த மூன்றில் நமக்கு வேண்டாத தடயத்தை அடைப்பதற்காகவே இருக்கின்றன.

எந்த முறைக்கும் பொதுவான ஏற்பாடு

தொடை நடுவரை தெரியும் ஷார்ட்ஸ். சாக்ஸ், முழங்கால் உறை, கிரேப் பேண்டேஜ் எதுவும் வேண்டாம். தோலை அழுத்தும் எதுவும் கூடுதல் தடயம். கண்ணுக்கு உறங்கும்போது போடும் பட்டை. மூக்கோரத்தில் வெளிச்சம் வருகிறதா என்று கேட்டு, வந்தால் பஞ்சு வையுங்கள். கட்டிலின் விளிம்புக்கும் முழங்கால் பின்மடிப்புக்கும் இடையே இரண்டு மூன்று விரல் இடைவெளி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கால் நீளும்போது விளிம்பு உரசும் இடத்தை வைத்தே கோணத்தைச் சொல்லிவிடுவார்கள். முதுகைச் சற்றுப் பின்னால் சாய்த்து உட்கார வையுங்கள். நிமிர்ந்து உட்கார்ந்தால் காலை நீட்டும்போது தொடையின் பின்தசை இழுக்கும், அந்த இழுப்பே கோணத்தைக் காட்டிக்கொடுக்கும்.

வலி, வீக்கம் இரண்டையும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஐஸ், ஹீட், அல்ட்ராசவுண்ட், பயிற்சி எல்லாம் சோதனை முடிந்த பிறகு. வந்தவுடன் அளக்கவும் வேண்டாம். சில்க் போர்டு நெரிசலில் ஒரு மணி நேரம் க்ளட்ச் மிதித்து வந்தவரின் இடது தொடை களைத்திருக்கும். வலது காலோடு அதை ஒப்பிட்டால் வித்தியாசம் காயத்தால் வந்ததா, க்ளட்ச்சால் வந்ததா என்று சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து நிமிடம் உட்கார வைத்துவிட்டு, எப்படி வந்தார் என்பதையும் தாளில் எழுதுங்கள்.

இந்த ஊரில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒரே காலையில் அல்சூரிலிருந்து தமிழ் பேசுபவர், அடுத்து கன்னடக்காரர், அடுத்து உருது பேசுபவர் வருவார்கள். விளக்கம் ஆளுக்கொரு விதமாகப் போனால் பிழை கூடும். அந்தந்த மொழி நன்றாகப் பேசுபவரை வைத்து ஒரே உள்ளடக்கத்தைப் பதிவு செய்து, எல்லோருக்கும் அதையே போட்டுக் காட்டுங்கள். தமிழுக்கு இப்படி வைத்துக்கொள்ளலாம்:

"அம்மா, கண்ணைக் கட்டியிருக்கு, பயப்படாதீங்க. நான் சொல்றப்ப காலை மெதுவா மேல நீட்டுங்க. 'நிறுத்துங்க'ன்னு சொன்னதும் அப்படியே வச்சிருங்க. முட்டி எவ்வளவு மடங்கியிருக்குன்னு மனசுல வாங்கிக்கங்க. அப்புறம் காலைத் தொங்க விட்டுடலாம். மறுபடி நான் சொன்னதும் அதே இடத்துக்குக் கொண்டுபோய் நிறுத்திட்டு, 'இங்கதான்'னு சொல்லுங்க. ஒரு தடவை சொல்லிட்டா மாத்தக் கூடாது. சரியா தப்பான்னு நான் சொல்ல மாட்டேன், அதுக்காகக் கவலைப்படாதீங்க."

அந்தக் கடைசி வரியை விடாதீர்கள். சொல்லாவிட்டால் நம் முகத்தையும் குரலையும் வைத்துத் திருத்திக்கொள்ளப் பார்ப்பார்கள்.

போன் இன்க்ளினோமீட்டர் (சாய்வு மானி), உட்கார்ந்து, ஆக்டிவாகத் திருப்பிச் செய்தல்

குறைந்த செலவில் ஒழுங்காகச் செய்ய முடிந்த முறை இது. கிளினிக்குக்கு எங்கள் முதல் சிபாரிசும் இதுதான்.

போனைச் சோதிப்பதில் ஆரம்பியுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தால் மேசை சமமா என்று பார்த்து, அதன் மேல் போனைப் பக்கவாட்டு விளிம்பில் நிறுத்தி, ஆப்பில் பூஜ்யம் வையுங்கள். பள்ளிக்கூட ஜியோமெட்ரி பாக்ஸில் உள்ள இரண்டு மூலைமட்டங்களின் மேல் வைத்தால் 30, 45, 60 டிகிரி கிடைக்கும். ஒவ்வொன்றையும் ஐந்து முறை வைத்து எடுத்துப் படியுங்கள். 0.5 டிகிரிக்குள் திரும்பத் திரும்ப வந்தால் போதும். திரையில் 0.1 வரை காட்டுவதை வைத்து அவ்வளவு துல்லியம் இருப்பதாக நினைக்க வேண்டாம். கேமரா மேடு பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் போனுக்கு கவர் போட்டுச் சமமாக்குங்கள். சில ஆப்கள் குறிப்பிட்ட கோணத்தில் பீப் அடிக்கும், அதை அணைத்துவிடுங்கள்.

போனைக் கட்டும் இடம் முன்காலின் (முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடைப்பட்ட பகுதி) உள்பக்கத்துத் தட்டையான எலும்புப் பகுதி. முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டும் மேட்டிலிருந்து 15 செ.மீ. அளந்து ஸ்கின் பென்சிலால் கோடு போட்டு, போனின் மேல் விளிம்பை அதில் பொருத்துங்கள். ஓடுகிறவர்கள் கையில் கட்டும் போன் பட்டை இதற்குச் சரியாக இருக்கும். நகராத அளவுக்கு இறுக்கம் போதும், தசை பிதுங்கும் அளவுக்கு வேண்டாம். கீழ் விளிம்பிலும் ஒரு கோடு போட்டு வையுங்கள்; பட்டை வழுக்கினால் நடுவிலேயே தெரிந்துவிடும்.

போன் அளப்பது முன்காலின் சாய்வை மட்டுமே. தொடை கிடையாகவும் அசையாமலும் இருந்தால்தான் அது முழங்கால் கோணமாகும். தொடை சற்றே சரிந்து, அப்படியே நிலையாக இருந்தால் பரவாயில்லை. காட்டிய கோணம், திருப்பிய கோணம் இரண்டிலும் அதே சரிவு இருப்பதால் கழிந்துவிடும். காலை நீட்டும்போது தொடை எழுந்தால்தான் ஆபத்து. 2 டிகிரி எழுந்தால் அந்த 2 டிகிரி அப்படியே பிழையில் சேரும். அகலமான பெல்ட்டால் தொடையைக் கட்டிலோடு கட்டி, பயிற்சி முறைகளின்போது கையை வைத்துப் பாருங்கள்.

இனி ஒரு ட்ரையல், அதாவது ஒரு முறை காட்டித் திருப்பிச் செய்வது. கால் தொங்கும் நிலையில், முழங்கால் 90 டிகிரி மடங்கியிருக்கும்போது, தொடை முன்தசையை 2, 3 விநாடி லேசாக இறுக்கித் தளர்த்தச் சொல்லுங்கள். ஸ்பிண்டில் முந்தைய அசைவின் தளர்ச்சியையோ இறுக்கத்தையோ வைத்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இறுக்கித் தளர்த்தினால் ஆரம்பம் சமமாகும். பல செய்முறைகளில் விடுபட்டுப் போகும் படி இது. ட்ரையலுக்கு ட்ரையல் எண் குதிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு நோயாளி மெதுவாக நீட்டட்டும், விநாடிக்கு 10 டிகிரி அளவில். வேகம் பார்க்க மெட்ரோனோம் வேண்டுமானால் உங்கள் காதில் மட்டும் இயர்போனில் ஓடட்டும். நோயாளிக்குக் கேட்டால் தட்டுகளை எண்ணியே இடத்தைப் பிடித்துவிடுவார். இலக்குக் கோணத்துக்கு 2 டிகிரி முன்னால் "நிறுத்துங்க" என்றால் கிட்டத்தட்ட இலக்கில் நிற்கும். 5 விநாடி நிற்கட்டும். திரையில் உள்ள எண்ணைப் படித்து எழுதுங்கள். இலக்கு 45 என்றாலும் நின்றது 46.5 என்றால் ஒப்பிட வேண்டியது 46.5-ஓடுதான். அச்சிட்ட 45-ஓடு ஒப்பிட்டால் நம் நிறுத்தும் தாமதம் நோயாளியின் பிழையாகிவிடும்.

காலை இறக்கி 5 விநாடி ஓய்வு. மறுபடி இறுக்கித் தளர்த்தல். நோயாளி திருப்பிச் செய்து "இங்கதான்" என்றதும், போன் எண் நிலைக்க ஒரு நொடி விட்டுப் படியுங்கள். எழுதும்போது கூட்டல் கழித்தல் குறியோடு எழுதுங்கள்.

இலக்குகள் 30, 45, 60 டிகிரி மடக்கத்துக்குள் இருக்கட்டும். முழுசாக நீளும் கடைசி 15 டிகிரியைத் தவிருங்கள், அங்கே இழுப்பும் மூட்டு எல்லையும் பேச ஆரம்பிக்கும். இரண்டு இலக்காவது வேண்டும். வரிசையைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள். ஒவ்வொரு இலக்குக்கும் 5 ட்ரையல். மூன்று போதாது, சராசரி நிலைக்காது. கணக்கில் சேராத பழக்க ட்ரையல் இரண்டு. இரண்டு காலும் இரண்டு இலக்கும் என்றால் ஏற்பாடு உட்பட ஏறக்குறைய அரை மணி நேரம் ஆகும். வயதானவர்களுக்கு நடுவில் ஓய்வு கொடுங்கள். இந்தச் சோதனையில் ஞாபகமும் கலந்திருக்கிறது. களைத்த மனமும் தவறு செய்யும்.

உட்கார்ந்து நீட்டும்போது கால் மேலே போகப்போகத் தொடை முன்தசைக்குப் பளு கூடும் என்பதையும் கணக்கில் வையுங்கள். அந்தப் பளுவே கோணத்துக்கு ஒரு தடயம். முன்தசை வற்றிப்போன நோயாளிக்கு அதே கோணம் அதிகப் பளுவாகத் தெரியும். பலக்குறைவையும் உணர்வுக்குறைவையும் பிரிக்க வேண்டுமானால் பக்கவாட்டில் படுக்க வைத்து, காலை வழுக்குப் பலகையில் வைத்து ஒருமுறை அளந்து பாருங்கள். படுத்த நிலையில் கால் கிடைத்தளத்தில் நகர்வதால் போன் சாய்வு மானி உதவாது, மேலிருந்து போட்டோதான்.

போட்டோ முறை

பொறுமையாகச் செய்தால் போனை விட நம்பகமானது. தொடையும் முன்காலும் ஒரே படத்தில் இருப்பதால் தொடை எழுந்த பிழை தானாகக் கழியும். அதற்குக் கொடுக்கும் விலை நேரம்தான்: ஒரு நோயாளியின் படங்களைப் படிக்கவே இன்னொரு அரை மணி நேரம் ஆகும்.

ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் வட்ட ஸ்டிக்கர் நான்கு. தொடையின் வெளிப்பக்கம் மேலே ஒன்று, முழங்காலுக்குச் சற்று மேலே ஒன்று, ஃபிபுலா (முன்காலின் வெளிப்பக்க எலும்பு) தலைக்குக் கீழே ஒன்று, வெளிக் கணுக்கால் முட்டில் ஒன்று. பலர் முழங்கால் நடுவில் ஒன்று ஒட்டி மூன்றோடு முடிக்கிறார்கள். முழங்கால் மடங்கும்போது அந்த இடத்துத் தோல் எலும்பின் மேல் வழுக்கும்; அதனால் இரு பக்கமும் கோணம் கெடும். தொடைக்கு இரண்டு, முன்காலுக்கு இரண்டு என்பதே சரி. இரண்டு ஸ்டிக்கர்களுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது. ஒட்டியதும் சுற்றிலும் பேனாவால் வட்டம் போட்டு வையுங்கள், வியர்வையில் பெயர்ந்தால் அதே இடத்தில் ஒட்டலாம்.

கேமரா ட்ரைபாடில், 3 மீட்டர் தள்ளி, முழங்கால் உயரத்தில், கொஞ்சம் ஸூம் போட்டு. படத்துக்குள் ஒரு தூக்குக்குண்டு தொங்கட்டும், கேமரா சாய்ந்திருந்தால் தெரியும். கேமரா பக்கவாட்டுத் தளத்துக்கு நேராக இல்லாமல் 10 டிகிரி திரும்பியிருந்தால் 45 டிகிரி சாய்வில் அரை டிகிரிக்குள்தான் பிழை வரும். 20 டிகிரி திரும்பினால் ஏறக்குறைய 2 டிகிரி. கேமரா அசையாமல் இருந்தால் அந்தப் பிழையும் இரண்டு படத்திலும் சமமாக வந்து பெரும்பாலும் கழிந்துவிடும். கழியாதது, நோயாளி காலைத் திருப்புவது. காட்டும்போது பாதம் நேராகவும், திருப்பிச் செய்யும்போது வெளிப்பக்கம் சாய்ந்தும் இருந்தால் கணக்கு போச்சு. பாதத்தின் திசையை ஒவ்வொரு ட்ரையலிலும் பாருங்கள்.

படங்களைக் கினோவியா அல்லது இமேஜ்ஜே மென்பொருளில் திறந்து கோணம் எடுங்கள், இரண்டும் இலவசம். எது இலக்குப் படம், எது திருப்பிச் செய்த படம், எது அடிபட்ட கால் என்று தெரியாதபடி இன்னொருவர் கோப்புப் பெயர்களை மாற்றிக் கொடுக்க வேண்டும். தெரிந்தே படித்தால் கை தானாக எதிர்பார்த்த பக்கம் சாயும்.

கையால் பிடிக்கும் சாதாரண கோனியோமீட்டர் இந்த வேலைக்கு ஆகாது. பெரும்பாலும் 1 அல்லது 2 டிகிரிக் கோடு போட்ட கருவி, பிடிப்பவர் கை நோயாளியின் தோலைத் தொடுகிறது, கால் காற்றில் நிற்கும்போது இரண்டு புயத்தையும் ஒழுங்காகப் பொருத்த நேரம் இல்லை. அசைவு எல்லை அளக்க அது நல்ல கருவி, ஜேபிஎஸ்ஸுக்கு வேண்டாம். தோலில் ஒட்டும் எலக்ட்ரோகோனியோமீட்டர் இருந்தால் பயன்படுத்தலாம். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கும் எம்பியு-6050 அசைவு சென்சாரைக் கொண்டு செய்பவர்கள், தொடைக்கு ஒன்றும் முன்காலுக்கு ஒன்றும் கட்டி, நிலையாக நிற்கும்போது, சாய்வைத் தரும் ஆக்ஸிலரோமீட்டர் எண்ணை எடுங்கள். சுழலும் வேகத்தைத் தரும் ஜைரோ எண்ணைக் கூட்டிக்கொண்டே போனால் நிமிடத்துக்கு நிமிடம் விலகும்.

டைனமோமீட்டர்

பயோடெக்ஸ் போன்ற ஐசோகைனெடிக் (ஒரே வேகத்தில் நகர்த்தும்) எந்திரம் உள்ள இடத்தில், எந்திரம் காலைக் கொண்டுபோவதால் தசையின் உதவி குறையும், வேகம் நம் கட்டுப்பாட்டில் இருக்கும். துல்லியமானது என்ற பெயரும் உண்டு. ஆனால் இதற்கென்றே உள்ள பிழைகள் இருக்கின்றன. எந்திரம் தரும் எண் என்பதால் அவற்றை யாரும் சந்தேகிப்பதில்லை.

முதலாவது, பொத்தான். பாஸிவாகத் திருப்பிச் செய்யும் சோதனையில் கால் பழைய இடத்துக்கு வந்ததாகத் தோன்றும்போது நோயாளி பொத்தானை அழுத்துகிறார். உணர்ந்து விரல் அழுத்த 0.2 முதல் 0.3 விநாடி ஆகும். எந்திரம் விநாடிக்கு 10 டிகிரி ஓடினால் அதற்குள் கால் 2 முதல் 3 டிகிரி தாண்டிவிடும். அது நிலை உணர்வின் பிழை கிடையாது, விரலின் தாமதம். வயதானவர்களையும் இளைஞர்களையும் ஒப்பிடும் ஆய்வில் இது முழு முடிவையும் கவிழ்த்துவிடும். விநாடிக்கு 1 அல்லது 2 டிகிரியில் ஓட்டினால் தாமதத்தின் பங்கு அரை டிகிரி அளவுக்குள் அடங்கும்.

இரண்டாவது, எண்ணுதல். காட்டும்போதும் திருப்பும்போதும் அதே வேகம், அதே ஆரம்ப இடம் என்றால் நோயாளி மனதுக்குள் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணியே இடத்தைப் பிடிக்கலாம். ஆரம்பக் கோணத்தை 5 முதல் 10 டிகிரி மாற்றிக்கொண்டே இருங்கள், அல்லது வேகத்தைச் சற்று மாற்றுங்கள்.

மூன்றாவது, அச்சு. எந்திரத்தின் அச்சு தொடை எலும்பின் வெளிக் குமிழுக்கு நேராக இல்லாவிட்டால் எந்திரம் சொல்வது அதன் கையின் கோணம், முழங்காலுடையது வேறு. 90 டிகிரியில் சரிபார்த்துவிட்டு, 30 டிகிரிக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை பாருங்கள். முன்கால் பட்டை தோலில் நகர்ந்தால் அச்சு பொருந்தவில்லை என்று அர்த்தம்.

அசைவைக் கண்டுபிடிக்கும் த்ரெஷோல்ட் சோதனைக்கும் இந்த எந்திரமே. கால் நிற்கிறது; 5 முதல் 20 விநாடிக்குள் நீங்கள் முடிவு செய்த ஏதோ ஒரு கணத்தில் எந்திரம் விநாடிக்கு 0.5 டிகிரியிலோ அதற்கும் மெதுவாகவோ நகர ஆரம்பிக்கிறது. அசைவு தெரிந்ததும் நோயாளி அழுத்த வேண்டும், எந்தப் பக்கம் நகர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். பக்கம் தப்பாகச் சொன்ன ட்ரையலைத் தள்ளிவிட்டு மறுபடி எடுங்கள். நலமான முழங்காலில் 1 டிகிரியை ஒட்டி வரும், வேகம் குறையக் குறைய இந்த அளவு கூடும். இங்கே ஞாபகம் கலப்பதில்லை, அதுதான் இதன் பலம். மோட்டார் ஓட ஆரம்பிக்கும் "டக்" ஒலியும் நடுக்கமும்தான் பலவீனம். ஹெட்போனில் இரைச்சல் ஒலி போட்டு, முன்காலைக் காற்றடைத்த உறைக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். ஐந்தில் ஒரு ட்ரையலாவது எந்திரம் நகராமலே இருக்கட்டும். அப்போதும் அழுத்துபவர் ஊகிக்கிறார்.

நின்றபடி

ஒற்றைக் காலில் நின்று 30 டிகிரி மடக்கி, நிமிர்ந்து, மறுபடி அதே அளவு மடக்கச் சொல்வது விளையாட்டுக்காரர்களுக்குப் பொருத்தம். விரல்நுனியால் சுவரைத் தொட்டுக்கொள்ளலாம், சாயக் கூடாது. கோணம் படிக்க போட்டோ வேண்டும், ஏனென்றால் இங்கே தொடையும் முன்காலும் சேர்ந்து சாய்கின்றன. பிழை பொதுவாக உட்கார்ந்து எடுப்பதை விடக் குறைவாக வரும். கணுக்காலும் இடுப்பும் பாதத்தின் அழுத்தமும் சேர்ந்து உதவுவதே காரணம். நடைமுறை வாழ்க்கைக்கு நெருக்கமானது, முழங்காலை மட்டும் தனியே சொல்லாதது, இரண்டும் உண்மை.

ஆஸ்திரேலியாவில் வாடிங்டன், ஆடம்ஸ் இருவரும் வளர்த்தெடுத்த அமேடா முறை இன்னொரு வழி. நின்றபடி கண் திறந்தே, ஆனால் காலைப் பார்க்காமல், ஒரு தடை வரை தானே நகர்த்த வேண்டும். தடைக்கு ஐந்து நிலைகள். ஒவ்வொன்றையும் மும்மூன்று முறை காட்டிப் பழக்கிவிட்டு, கலைத்துப் போட்டு 50 ட்ரையல் கொடுத்து, இது எத்தனாவது நிலை என்று கேட்கிறார்கள். சரி தப்பு சொல்வதில்லை. மதிப்பெண் 0.5 முதல் 1 வரை, 0.5 என்றால் வெறும் ஊகம். டிகிரியில் பிழை தராததால் மற்ற முறைகளோடு நேராக ஒப்பிட முடியாது. அதற்கான பெட்டி இல்லாதவர்கள் இதில் இறங்க வேண்டாம்.

மறு காலால் ஒத்துக் காட்டச் சொல்லும் முறையை ஏசிஎல் நோயாளிகளிடம் தவிர்ப்பது நல்லது. ஒரு பக்கம் காயம் பட்டால் மறு பக்கமும் பாதிக்கப்படலாம். பிழை எந்தக் காலிலிருந்து வந்தது என்று பிரிக்க வழியே இல்லை.

கணக்கு

ஒரு உதாரணம். இருவருக்கும் இலக்கு 45. முதலாமவர் காட்டியது 48, 43, 50, 46, 47. பிழைகள் +3, −2, +5, +1, +2. இரண்டாமவர் காட்டியது 48, 47, 48, 48, 47. பிழைகள் +3, +2, +3, +3, +2.

குறியை விட்டுவிட்டுச் சராசரி எடுப்பது அப்சல்யூட் எரர். இருவருக்கும் 2.6. இதோடு நிறுத்தினால் இருவரும் சமம் என்றாகிவிடும். குறியோடு சராசரி எடுப்பது கான்ஸ்டன்ட் எரர்: முதலாமவருக்கு +1.8, இரண்டாமவருக்கு +2.6. பிழைகளின் சிதறல், அதாவது அவற்றின் திட்ட விலக்கம், வேரியபிள் எரர்: முதலாமவருக்கு 2.3, இரண்டாமவருக்கு 0.5. இரண்டாமவருக்கு உணர்வு கூர்மையாக இருக்கிறது, ஒரே பக்கம் சற்றுத் தள்ளிப் போகிறார், அவ்வளவுதான். முதலாமவருக்குத்தான் நிலை உணர்வே தடுமாறுகிறது. மூன்றையும் எழுதுங்கள். அப்சல்யூட் எரர் பெரும்பாலும் ஒரு பக்கம் வால் நீண்ட பரவலாக வரும் என்பதால் புள்ளியியல் சோதனைக்கு முன் வரைபடம் போட்டுப் பாருங்கள்.

உங்கள் கையின் பிழை

நோயாளிகளைத் தொடும் முன், நலமான 15, 20 பேரை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை, அதே நேரத்தில், அதே ஆள் அளக்க வேண்டும். அப்சல்யூட் எரரின் ஐசிசி (இரண்டு முறை அளந்ததும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் கெழு), திட்ட விலக்கம் இரண்டும் கிடைக்கும். ஒன்றிலிருந்து ஐசிசியைக் கழித்து வர்க்கமூலம் எடுத்துத் திட்ட விலக்கத்தால் பெருக்கினால் அளவீட்டின் திட்டப் பிழை. அதை 1.96-ஆலும் 2-ன் வர்க்கமூலத்தாலும் பெருக்கினால், ஒரு தனி நோயாளியிடம் "மாறியிருக்கிறது" என்று சொல்லத் தேவையான குறைந்தபட்ச வித்தியாசம். திட்ட விலக்கம் 1.5, ஐசிசி 0.75 என்று வைத்துக்கொண்டால் திட்டப் பிழை 0.75, குறைந்தபட்ச வித்தியாசம் ஏறக்குறைய 2.1 டிகிரி. அப்படியானால் ஆறு வாரப் பயிற்சிக்குப் பின் 4-லிருந்து 3-க்கு வந்தவரிடம் "தேறிவிட்டது" என்று இந்த எண்ணை வைத்துச் சொல்லக் கூடாது.

இங்கே எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. 30, 45, 60 என்று பரந்த இலக்குகளின் கோணங்களுக்கு ஐசிசி போட்டால் 0.98, 0.99 என்று அழகாக வரும். 30-ஐயும் 60-ஐயும் எந்தக் கருவியும் பிரித்துச் சொல்லும், அதனால் வரும் எண் அது. பிழை மதிப்பெண்களுக்குப் போட்டுப் பாருங்கள், பாதியாக இறங்கக்கூடும். உங்கள் ஆய்வு பேசப்போவது பிழையைப் பற்றி, எனவே ஐசிசியும் பிழைக்குத்தான் வேண்டும்.

இரண்டு கருவிகளை ஒப்பிடும்போது ஒரே ட்ரையலில் இரண்டும் சேர்ந்து படிக்க வேண்டும்: காலில் போன், எதிரே கேமரா. தனித்தனியாக எடுத்தால் மனித மாறுபாடு கருவியின் மேல் ஏறும். தொடர்புக் கெழு போட்டு 0.9 வந்தது என்று நிறுத்தாதீர்கள். எப்போதும் 5 டிகிரி கூட்டிக் காட்டும் கருவிக்கும் 0.9 வரும். ப்ளாண்ட், ஆல்ட்மன் 1986-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதிய வழியில் போங்கள்: ஒவ்வொரு ட்ரையலிலும் இரண்டு கருவிக்கும் உள்ள வித்தியாசம், அதன் சராசரி, அதிலிருந்து இருபுறமும் 1.96 திட்ட விலக்கம். ஒரே ஆளிடமிருந்து பல ட்ரையல்கள் வருவதைப் புள்ளியியல் ஆளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குத் தனிக் கணக்கு உண்டு. சராசரி 0.4, திட்ட விலக்கம் 1.2 என்றால் எல்லைகள் ஏறக்குறைய −2 முதல் +2.8 வரை. பெரிய குழுக்களின் சராசரியை ஒப்பிட இது சரிப்படலாம். ஒரே நோயாளியை இன்று போனாலும் அடுத்த மாதம் கேமராவாலும் அளக்க இது போதாது.

இரண்டு செய்முறைகளை ஒப்பிடும்போது வரிசையைக் குலுக்கிப் போட்டு, பாதிப் பேருக்கு ஆக்டிவ் முதலில், பாதிப் பேருக்கு பாஸிவ் முதலில் செய்யுங்கள். இரண்டாவதாகச் செய்வதில் பழக்கம் கைகொடுக்கும்.

கிளினிக்கில் தனி ஆளின் முன்னேற்றம் பார்க்க உட்கார்ந்து, ஆக்டிவ், போன் அல்லது போட்டோ. விளையாட்டுக்குத் திரும்பலாமா என்ற கேள்விக்கு அதோடு நின்றபடியும் சேருங்கள். ஞாபகக் குறைவு உள்ளவர்களிடமும், உணர்வு நரம்பின் அடிப்படைத் திறனைக் கேட்கும் ஆய்விலும் த்ரெஷோல்ட் சோதனை. நீரிழிவால் பாத உணர்வு போனவரிடம் நின்றபடி எடுத்ததை முழங்காலின் கணக்கில் எழுதாதீர்கள்.

கோப்பில் எழுதும்போது எண்ணை மட்டும் எழுதி வைத்தால் அடுத்த மாதம் உங்களுக்கே பயன்படாது. இப்படி எழுதுங்கள்: "வலது முழங்கால், உட்கார்ந்து, ஆக்டிவாகக் காட்டி ஆக்டிவாகத் திருப்பியது, அதே கால், ஆரம்பம் 90 டிகிரி, இலக்கு 45, வேகம் விநாடிக்கு சுமார் 10 டிகிரி, 5 விநாடி நிறுத்தம், 5 ட்ரையல், போன் எலும்பு மேட்டிலிருந்து 15 செ.மீ. கீழே, வலி 2/10, வீக்கம் இல்லை, பேருந்தில் வந்தார், விளக்கம் தமிழ்ப் பதிவு, அப்சல்யூட் 3.2, கான்ஸ்டன்ட் +1.4, வேரியபிள் 2.9."